பெட்டியில் இருந்த வெள்ளைத் துண்டு

ஹில்டா என் வீட்டுக்காரர் ரெக்சனின் அக்கா. நான் மைனி என்று கூப்பிடுவேன். தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில், பச்சைப்பிள்ளைத் துணிப் பக்கம் பதினாறு வருடமாக நிற்கிறார். குழந்தைக்குத் துண்டு வாங்க வருகிறவர்களை லேசில் விடமாட்டார். "கையால தடவுனா தெரியாது, கன்னத்துல வச்சுப் பாருங்க. ஓரத்துல குஞ்சம் வேண்டாம், நூலு பிள்ளை விரல்ல சுத்திக்கிடும். வீட்டுக்குப் போயி ரெண்டு தடவ அலசி வெயில்ல காயப்போடாம மேல போடாதீங்க." துண்டு விற்கிறாயா, பிரசங்கம் வைக்கிறாயா என்று முதலாளியே சிரிப்பார்.

மைனிக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் அவர் கணவர் வில்பிரட் அண்ணன் கப்பலில் இருந்து வந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று தலைமூடி வைத்த ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி வந்தார். பதினோரு வருடம் அது மைனியின் தகரப் பெட்டியில், பாச்சை உருண்டைகளுக்கு நடுவே இருந்தது. உருண்டை கரையக் கரையப் புதிதாகப் போடுவார். என் மகன் அமலன் பிறந்து எட்டாம் நாள் அதை எடுத்து என் மடியில் வைத்தார்.

மைனி அதை அலசவில்லை. அந்த வாரம் குழாயில் நல்ல தண்ணீர் வரவில்லை. ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அதில் முக்கினால் துண்டு அட்டையாக விறைத்துப்போகும். "அரை மணி காத்தாடப் போட்டிருக்கேன், போதும்ளா" என்றார். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவரிடம் நான் என்ன சொல்ல? எனக்கும் அந்த நெடி பழகியதுதான். எங்கள் வீடுகளில் திருநாள் துணி எல்லாம் அப்படித்தான் மணக்கும்.

மூன்று நாள் குளிப்பாட்டி அதில்தான் சுற்றினோம். நான்காம் நாள் காலை பிள்ளையின் கண் மஞ்சளாக இருந்தது. பால் குடிக்க எழுப்பினால் தலை தொங்கியது. மூத்திரத் துணியை மாற்றினேன். கடுங்காப்பி நிறத்தில் நனைந்திருந்தது. ரெக்சன் மாலத்தீவுக்குப் போன தோணியில் இருந்தார், போன் கிடைக்கவில்லை. ஆட்டோவில் மைனி "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். "ரத்தம் உடைஞ்சுகிட்டே இருக்கு. எதனாலன்னு தெரிஞ்சாகணும்" என்றார் டாக்டரம்மா. "நாட்டு மருந்து ஏதும் கொடுத்தீங்களா? பாச்சை உருண்டை வச்ச துணி எதையாவது போட்டீங்களா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் வாய் வரவில்லை. மைனியைக் காட்டிக்கொடுப்பதா என்று தயங்கினேன். பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறான், எனக்கு அந்த நினைப்பு! இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மைனி முன்னால் வந்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. "நான்தான் டாக்டர். பதினோரு வருசம் உருண்டைக்குள்ள கெடந்த துண்டு. அலசாமக் குடுத்தேன்."

சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை இருக்கும், அவர்களுக்கு அந்த நெடியே விஷம் என்றார் டாக்டரம்மா. பிள்ளையைத் துடைத்து, ரத்தம் ஏற்றி, நீல விளக்கின் கீழ் போட்டார்கள். இரண்டு நாள் மைனி உள்ளே வரவே இல்லை. தன் சேலையிலும் அந்த நெடி இருக்குமோ என்ற பயத்தில் வராந்தாச் சுவரோரமாகவே நின்றார்.

மூன்றாம் நாள் அமலன் பசிக்கு வீறிட்டு அழுதான். நானும் சேர்ந்து அழுதேன். பிள்ளையைச் சுற்றத் துணி வேண்டும் என்றாள் நர்ஸ். மைனி கதவுக்கு வெளியே நின்றபடி ஒரு துணியை நீட்டினார். பெட்டிக்குள் வைக்காமல் தினமும் உடுத்தி நைந்த நூல் சேலையில் கிழித்தது. கேன் தண்ணீர் வாங்கி நாலு தடவை அலசி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்திருந்தார்.

வாங்கிய என் கை தன்னால் மூக்குக்குப் போயிற்று. மைனி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு முகம் எரிந்தது.

"நல்லா மோந்து பாருளா" என்றார். "எனக்காகத் தயங்காத."