ரெண்டுதரம் கட்டின குசினித் தட்டு

முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்குக் குனிஞ்சு எழும்ப ஏலாது. எங்கடை குசினியிலை அடுப்பு நிலத்திலை. யாழ்ப்பாணத்திலை இருக்கிற மகள் ஒரே பிடி: "அம்மா இனி அங்கை சமைக்க ஏலாது. வீட்டைப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ." எனக்கு அழுகை வந்திட்டுது. விடிய எழும்பிக் கடலைப் பாக்காட்டி என்ரை மனுசனுக்குத் தேத்தண்ணியே இறங்காது. ஊர்காவற்றுறையை விட்டு இவரை எங்கை கொண்டு போறது?

மனுசன் போனிலை ரெண்டு மூண்டு வீடியோ பாத்தார். "நீர் நிண்டு சமைக்கிற மாதிரி நானே ஒரு தட்டுக் கட்டுறன்" எண்டார்.

"கிழிஞ்ச வலை பொத்திற கையாலை சுவர் கட்டப் போறியளோ?" எண்டு நக்கலடிச்சன். சிரிச்சுப்போட்டு அடுத்த நாளே அடுப்பை இடிச்சார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுசன் மனுசன்தான். கடலாலை வந்து சாப்பிட்ட கையோடை வேலை தொடங்கிடுவார். தூண்டில் நூலிலை ஈயக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சுவருக்கு நேர் பாத்தார். வார்த்து விக்கிற கொங்கிறீற் தட்டொண்டை வாங்கி அந்தச் சுவரிலை ஏத்தினார். ஒரு பக்கமும் சாயேல்லை. நானும் அதிலை நிண்டு சமைக்கத் தொடங்கினன்.

கொஞ்ச நாளிலை சுவர்ப் பூச்சிலை வெள்ளையாய் உப்புப் பூத்து, தொட்ட இடமெல்லாம் மாவாய்க் கொட்டிச்சுது. எங்கடை கிணத்து உவர்த் தண்ணியிலைதான் சீமெந்து குழைச்சவர். பிறந்தது தொட்டுக் குடிச்ச நாக்குக்கு அது நல்ல தண்ணி. சீமெந்துக்கு அந்தப் பழக்கம் இல்லைத்தானே.

பக்கத்து ஒழுங்கை மேசன் வந்து பாத்தார். "தட்டுக்குப் பழுதில்லை அண்ணை. பூச்சைச் சுரண்டிப்போட்டு, நல்ல தண்ணியிலை குழைச்சுப் பூசினால் காணும்" எண்டார்.

இவர் கேக்கேல்லை. தன்னோடை கடலுக்குப் போற ரெண்டு பேரைக் கூப்பிட்டுத் தட்டை இறக்கினார். சுவரை முழுசாய் இடிச்சார். எனக்கு வந்த விசர்! "மேசன் சொன்னது காதிலை விழேல்லையோ? இனி ஆரின்ரை வீட்டிலை சமைக்கிறது?" எண்டு கத்தினன். "உப்பு ஏறின சுவர் நம்பேலாது" எண்டதோடை சரி. மோட்டச் சைக்கிளிலை கான் கானாய் நல்ல தண்ணி கொண்டுவந்து, திரும்ப முதலிலை இருந்து கட்டினார்.

காஞ்சாப் பிறகு, மீன்குழம்புக்கு வெங்காயம் அரிய நிண்டன். என்னவோ வித்தியாசம். கை லேசாய்ப் போய் வந்துது.

"இஞ்சருங்கோ, இதென்ன தட்டு முந்தியிலும் பதிஞ்சு கிடக்கு?"

"முந்தினது என்ரை இடுப்பு உயரத்துக்குக் கட்டிப்போட்டன். நீர் அரியேக்கை தோள் மேலை மேலை போச்சுது. படுக்கேக்கை முதுகைத் தடவிக்கொண்டு கிடந்தீர்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீர் இடிக்க விட்டிருப்பீரே?"

விட்டிருக்க மாட்டன். அவ்வளவு பாடுபட்டுக் கட்டினதை எந்த வாயாலை குறை சொல்லுறது?

மகள் இப்ப வாங்கோ எண்டு கேக்கிறேல்லை; ஞாயிறிலை வந்து சாப்பிட்டிட்டுப் போறாள். நான் நிமிந்து நிண்டு சமைக்கிறன். தேத்தண்ணி போட வாற மனுசன்தான், அந்த நெடுத்த உடம்பை வளைச்சு, என்ரை தட்டிலை குனிஞ்சு நிக்கிறார்.