கராம்புத் தண்ணீர்

இந்தக் கோடை முழுவதும் குனியக் கூடாது, குந்தக் கூடாது என்று முழங்காலுக்கு ஒப்பரேசன் செய்த டொக்டர் சொன்னபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. "அப்ப உம்மட தோட்டத்தை நான் பாக்கிறன்" என்று பக்கத்தில் இருந்த என் கணவர் தியாகலிங்கம் சொன்னபோதுதான் பயம் பிடித்தது.

நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேலில் நகரசபைத் தோட்டத்தில் ஒரு பாத்தி கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வருடக்கணக்காகக் காத்திருந்து வாங்கியது. என் பயித்தங்காய், கத்தரி, பாகல் எல்லாம் அங்கேதான். கடைப் பூச்சி மருந்து எதுவும் அடிக்கக் கூடாது. பாத்தி ஒழுங்காக இல்லையென்றால் தோட்டக் குழு ஒரு தடவை எச்சரிக்கும், அடுத்த தடவை பறித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். எத்தனை பேர் அதற்காகக் கண் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி நின்றவள்தானே.

தியாகலிங்கம் பாண் தொழிற்சாலையில் மா குழைக்கும் மெசினோடு காலம் முழுக்க நின்று, போன வருடம்தான் ஓய்வு பெற்றவர். நல்ல மனுசன். குடி இல்லை, சூது இல்லை. ஆனால் அளவு என்ற ஒன்று அவருக்குக் கிடையாது. காய்ச்சலுக்கு ஒரு பனடோல் என்றால் இரண்டு போடுவார். உடுப்புத் தோய்க்கும் தூளை மெசின் நுரை கக்கும்வரை கொட்டுவார். கேட்டால், "கூடப் போட்டால் கெதியா வேலை செய்யும்" என்பார். இப்போது கையில் எந்நேரமும் ஃபோன் வேறு. யாரோ ஒருவர் வயல் நடுவே நின்று இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுக்க, இவர் சோபாவில் சாய்ந்தபடி தலையாட்டுவார்.

முதலில் உள்ளியும் செத்தல் மிளகாயும் அரைத்த கரைசல். ஃபோன்காரர் ஒரு பிடி மிளகாய் என்றார், இவர் பைக்கற்றோடு கொட்டினார். அரைத்தது என்னுடைய கிரைண்டரில். காற்றுக்கு எதிரே நின்று அடித்துவிட்டு, கண் இரண்டும் வீங்கி வந்து சேர்ந்தார். பூச்சி சாகவில்லை. கத்தரி இலைதான் கருகியது.

அடுத்தது மீன் தலையும் சர்க்கரையும் ஊறவைத்த தண்ணீர். பயிருக்கு உரமாம், பூச்சிக்குப் பகையாம். அந்த நாற்றத்துக்கு, இரவில் குப்பை கிளறும் ரக்கூன்கள் வந்து என் பாத்தியையும் பக்கத்துப் பாத்தியையும் உழுதுவிட்டுப் போயின. தோட்டக் குழுத் தலைவி மடம் லிஸ் எனக்கு ஃபோன் எடுத்து, இது முதல் எச்சரிக்கை என்றார். நான் அழுதேன். கவலையில் இல்லை, ஆத்திரத்தில்.

ஆடி மாதம் யப்பான் வண்டு வந்தது. செப்பு நிறச் சிறகு, பச்சைத் தலை, பார்க்க வடிவான சனியன். பயித்தை இலை என்றால் அதற்கு உயிர். நான் வைத்தியம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, விடிய வெள்ளன வண்டு விறைச்சுப்போய் நிக்கும். வாளியில சவர்க்கார நுரைத் தண்ணி வைச்சுத் தட்டிவிட்டாக் காணும்."

"ஒண்டொண்டாப் பொறுக்கிக்கொண்டு நிக்கிறதே? ஒரேயடியாக் கலைக்கவேணும். உமக்கு உது விளங்காது."

எங்கள் குசினி அலுமாரியில் எறும்பு வராமல் இருக்க நான் கராம்பு போட்டு வைப்பது வழக்கம். அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. எறும்புக்குப் பிடிக்காதது வண்டுக்கும் பிடிக்காது என்று முடிவு கட்டினார். பல்லுக்கொதி தாங்காமல் ஒரு கராம்பு தேடி நான் போத்தலைத் திறந்தால், போத்தல் வெறுமை. பெரிய பைக்கற்றாக இன்னும் வாங்கி வந்து, அவித்து, வடித்து, பாத்தி முழுக்க அடித்தார். அதுவும் காணாதென்று, துணியில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கராம்பைக் கட்டி ஒவ்வொரு பயித்தங்கம்பிலும் தொங்கவிட்டார்.

பக்கத்துப் பாத்தி அருமைராசா எங்கள் வீட்டுக்கே ஃபோன் எடுத்துப் புகழ்ந்தார். "அக்கா, அண்ணையின்ர மருந்து அந்தமாதிரி! எங்கட பக்கம் ஒரு வண்டில்லை." இவருக்குத் தலைகால் புரியவில்லை. பொட்டலத்தை இரட்டிப்பாக்கினார். "எங்கட பாத்தி எப்பிடி?" என்று நான் கேட்டால், "பரவாயில்லை, பரவாயில்லை" என்று நழுவிவிடுவார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

தோட்டக் குழு பார்வையிட வரும் நாளில் பொல்லை ஊன்றிக்கொண்டு நானும் போனேன். அருமைராசாவின் பாத்தி பச்சைப் பசேல். என் பயித்தங்கொடியில் இலை இல்லை, நரம்பு மட்டும். மேலே வண்டுக்கு மேல் வண்டு, கம்பே தெரியாத அளவுக்கு. கராம்புப் பொட்டலங்களில்தான் அதிகம் மொய்த்துக்கொண்டிருந்தன.

மடம் லிஸ் ஒரு பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். கடையில் விற்கும் யப்பான் வண்டுப் பொறியில் வண்டை இழுக்க வைக்கும் வாசனையில் பாதி இதுதானாம். ஊரிலுள்ள வண்டையெல்லாம் நீங்களே கூப்பிட்டு விருந்து வைத்திருக்கிறீர்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது இரண்டாம் தடவை, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். என் பாத்தி போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது தியாகலிங்கம் தொப்பியைக் கழற்றினார். "மா ஃபோத், மடம்" என்றார். பிழை என்னுடையது என்று அர்த்தம். தோட்டம் மனைவியுடையது, அவள் சொன்னதை நான் கேட்கவில்லை, அவளைத் தண்டிக்காதீர்கள் என்று தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கூட்டிப் பொறுக்கிச் சொன்னார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனுசன் வாயில் வராத வார்த்தை அது. என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதைக் கொண்டுபோய் மடம் லிஸ்ஸிடம் சொல்கிறாரே என்று சந்தோசத்துக்கு நடுவிலும் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டை ஒழிக்க மடம் லிஸ் ஒரு கிழமை, ஏழு நாள், தவணை தந்தார். பொட்டலங்களை அவிழ்த்து எறிந்தோம். தினமும் விடிய வெள்ளன, மடக்குக் கதிரையில் நான் இருந்து கையைக் காட்ட, அவர் வாளியோடு கம்பு கம்பாகத் தட்டினார். சவர்க்காரம் எவ்வளவு என்பதை நானே அளந்து ஊற்றினேன். கிழமை முடிவில் மடம் லிஸ் வந்து பார்த்தார். வண்டு அங்கொன்றும் இங்கொன்றும்தான். கொடியில் புதுத் துளிர் இரண்டு மூன்று தெரிந்தது. பாத்தி உங்களுக்கே என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் வரும்போது மெல்லக் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு மடத்திட்டச் சொன்னதை எனக்கும் ஒருக்காத் தமிழில சொல்லுங்கோவன்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதை?" என்றார்.