அடிவாரத்தில் கைவைக்காதவள்

“நீ பேசாத கண்ணு. போன வெளிய நீட்டு.”

இப்படித்தான் பாஞ்சாலை தினமும் மகனோடு பேசுவாள், அதாவது, பேசமாட்டாள். களம்பூர் அரிசி ஆலையின் தகரக் கொட்டகை ஓரமாகக் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொள்வாள். இமயமலையில் எங்கோ, ரோட்டில் சரிந்த மண்ணை அள்ளும் பொக்லைன் ஓட்டுகிறான் மகன் அஜித். அவனும் சிரித்துக்கொண்டே போனை மலைப்பக்கம் நீட்டுவான். காற்று கேட்கும். ஆறு கேட்கும். பொடிக்கல் உருளும் சத்தம் மட்டும் கேட்கக் கூடாது; அதற்குத்தான் இந்தத் தவம்.

போன வருஷம் அங்கே நிலம் நடுங்கிய பிறகு வந்த பழக்கம் இது. “ஆடினப்போ சரியாத மலகூட உள்ள லூசாயிடும்மா. ஒரு மழ போதும், ஜல்தியா எறங்கிடும்” என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். பாவி, அதைப் போய்ப் பெற்றவளிடமா சொல்வது?

பாஞ்சாலை ஏறிய ஒரே மலை, ஆலைக் களத்தில் காயவைத்துக் கூட்டிய நெல் குவியல்தான். லாரி பின்னால் வந்து மேடையில் தொம்மென்று இடித்தால் அதன் ஒரு பக்கம் சரசரவென்று இறங்கும். எத்தனையோ வருஷமாகப் பார்த்ததுதான். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் கூடையைப் போட்டுவிட்டு “தள்ளுங்கடா!” என்று அலறுகிறாள். மூட்டை தூக்கும் வேடியப்பன் அதனால் அவளுக்குப் பூகம்பம் என்று பெயர் வைத்துவிட்டான். “பூகம்பம் வந்துகினு கீது, வழி உடுங்கப்பா” என்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் குடியிருக்கும் சேவூரில், பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. தரை லேசாக அதிரும். முன்பெல்லாம் அந்த அதிர்வில்தான் சுகமாகத் தூங்குவாள். இப்போது லீவு நாளில் மத்தியானம் கண் அசந்தால் போதும், நெல்லால் ஆன மலைகள் வந்துவிடுகின்றன. மேகமெல்லாம் உமியாகப் பறக்கிறது. கீழே, பொம்மை அளவில், ஒரு மஞ்சள் பொக்லைன். பாஞ்சாலை துடைப்பத்தோடு உச்சியில் நின்று, ஒரு மணிகூட உருளாமல் மலையைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறாள். எழுந்தால் தோள்பட்டை வலிக்கிறதாம்.

அன்று காலை டீக்கடை டிவியில் செய்தி ஓடியது. அதே மலையில் மறுபடி நிலநடுக்கம். அஜித்துக்குப் போன் போகவே இல்லை. வீட்டில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஆலைக்கு வந்துவிட்டாள். வந்தால், வேடியப்பன் வழக்கம்போலக் குவியலின் அடியில் கூடையைச் செருகிக்கொண்டிருக்கிறான்.

“அடியில கை வெக்காத!”

“இன்னாக்கா, அடியில அள்ளனாதான தானா சரிஞ்சி வரும்?”

“சரியக் கூடாதுடா. இன்னிக்கி சரியக் கூடாது. எம்புள்ள அடியில கீறான்.”

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி அருணகிரி, “வேல பேஜாராயிடும்மே” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் தானே போய் ஒரு பலகையைத் தூக்கிவந்தார். குவியல்மேல் பலகையைச் சாய்த்து, உச்சியிலிருந்தே அள்ளினார்கள். தூங்குகிற பிள்ளை மேலிருந்து போர்வையை எடுப்பதுபோல, மெல்ல மெல்ல. வந்த லாரியைக்கூட வேடியப்பன் ஓடிப்போய் வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

வெயில் தாழும் நேரத்தில் போன் அடித்தது.

“எம்மா, நல்லாக்கீறன். டவர் உழுந்துட்சி, அதான் லைன் கெடைக்கல. டென்ட்டத் தூக்கினு ஆத்துக்கு அந்தாண்ட வந்துட்டோம்.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “போன வெளிய நீட்டு” என்றாள். காற்று. ஆறு. வேறொன்றும் இல்லை.

“நாளிக்கி திரும்ப அங்கதாம்மா. ரோட்டத் தொறக்கணும். ஜனங்க மாட்டிகினு கீறாங்க.”

“சாப்ட்டியா?” என்றாள். வேறென்ன கேட்பாள், சொல்லுங்கள்.

போனை வைத்ததும் வேடியப்பன் முகமெல்லாம் பல்லாக வந்தான். “அப்பறம் இன்னாக்கா? இனிமே அடியில அள்ளிக்கலாம் இல்ல?”

பாஞ்சாலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையிலிருந்த கூடையை வாங்கி, பலகைமேல் கால் வைத்து, மறுபடியும் உச்சிக்கு ஏறினாள்.