ஒரு கை வளையல்

எங்கள் நகைக்கடையில் யாருக்கும் பெயர் கிடையாது. எந்தக் கவுண்ட்டரில் நிற்கிறோமோ அதுதான் பெயர். நான் காசு. எனக்குப் பக்கத்தில் நிற்பவர் வளையல். "காசு, சாப்பிட்டியா?", "வளையல் இன்னிக்கு லீவாம்" என்றுதான் எங்கள் பேச்சு ஓடும். வெளியாள் கேட்டால் இதுகளுக்குக் கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்.

வளையலுக்கு வாய்தான் மூலதனம். விலையைக் கேட்டு முகம் சுருங்குகிறவர்களைக்கூட விடமாட்டார். "இன்னும் ஏறும்மா, இன்னிக்கே எடுத்துடுங்க" என்பார். முதலாளி சொல்லிக் கொடுத்த வசனம் அது. வருடக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லி, இது வியாபாரப் பேச்சு, நிஜம் இதற்கு நேர்மாறு என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அதனால் சொந்தக்காரர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பொறுங்க, இறங்கும். நான் உள்ளேயே இருக்கேன்ல" என்பார். அவர்களும் நம்பினார்கள். அட மனுஷா, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றால் உலகச் சந்தை தெரிந்துவிடுமா?

நம்பியவர்களில் முதல் ஆள் அவருடைய தங்கை. தையல் வேலை. மகள் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி வளையல், அவள் ஆசை அவ்வளவுதான். தனக்குத்தான் வெறுங்கையோடு கல்யாணம் நடந்தது, மகளுக்காவது இரண்டு கையும் நிறைந்திருக்கட்டும் என்று மிஷினை மிதித்து மிதித்துச் சேர்த்தாள். போன வருடமே வாங்கக் கிளம்பியவளை இவர்தான் நிறுத்தினார்.

"அவசரப்படாதே, இறங்கும்."

இறங்கவில்லை. எங்கோ சண்டை என்றார்கள், ஏறியது. நாடுகளே தங்கத்தை வாங்கி அடுக்குகின்றன என்றார்கள், ஏறியது. சண்டை ஓய்ந்தது என்றார்கள், அப்போதும் ஏறித் தொலைத்தது. காசும் கட்டியுமாக வாங்கி லாக்கரில் பூட்டுகிறவர்கள் என் கவுண்ட்டரில் மொய்த்தார்கள். வளையல் ஈ ஓட்டினார். ஜோடி கேட்டு வந்து விலையில் விழிக்கிறவர்களுக்காக முதலாளி புது வசனம் கொடுத்தார்: "ஒரு கையில போடறதுதான் இப்ப ஸ்டைல்." அதையும் வளையல் பிரமாதமாகச் சொன்னார். ஒற்றை வளையல்கள் நன்றாகவே விற்றன.

ஆனால் தங்கை போன் செய்தால் எடுக்க மாட்டார். மணி அடித்து ஓயும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் லிஃப்ட்டில் நான் சும்மா இருக்காமல், "என்ன வளையல், இதாவது இறங்குமா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தலை குனிந்துகொண்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கல்யாணம் நெருங்கியதும் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் வளையல் குனிந்து கீழ்த்தட்டில் எதையோ தேடினார். அங்கே ஒன்றும் கிடையாது.

"அண்ணா, நீயே நல்லதா எடுத்துக் குடு."

ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். அந்தப் பெண் இரண்டு கையிலும் போட்டுப் பார்த்தாள். அவர் விலையைக் கணக்குப் போட்டார். கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். தங்கை அதைப் பார்த்தாள், தன் பையைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார். அவள் திட்டவில்லை. மகள்தான் இடது கை வளையலை மெல்லக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

"ஒரு கையில போடறதுதான் மாமா இப்ப ஸ்டைல்."

சற்று முன்புதான் அவர் வேறொரு பெண்ணிடம் அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தார். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. பில்லில் தப்பாக எழுதி, கிழித்து, மறுபடி எழுதினார்.

கிளம்பும்போது தங்கை கேட்டாள், "இன்னொண்ணை அப்புறமா எடுத்துக்கறேன்ணா. இறங்கும்ல?" கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"தெரியலம்மா," என்றார். "எனக்கு எப்பவுமே தெரியாது."

அவர்கள் போன பிறகு ஓர் அம்மாள் தட்டில் தனியாகக் கிடந்த வளையலைக் கையில் எடுத்தார்.

"இதுக்கு ஜோடி எங்கங்க?"

வளையல் வாயைத் திறந்தார். எப்போதும் சொல்கிற வசனம் வரவில்லை.

"அதை நான்தாம்மா தொலைச்சேன்," என்றார்.

அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் குனிந்து கீழ்த்தட்டில் எதையோ தேடினேன்.