கப்பல் காரின் வலப்பக்கம்

என் கணவருக்கு ஓரிக்கை போகும் சாலையில் ஒரு நெல் அரவை மில் இருந்தது. குடித்தனம் சின்ன காஞ்சிபுரத்தில். மில் எஞ்சினின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் சாப்பிடுகிற கையோடு எழுந்து போகிற மனிதர். நல்ல சட்டை வேண்டும் என்றோ ஓட்டலில் சாப்பிட வேண்டும் என்றோ ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. அப்படிப்பட்டவர், அறுபதுகளின் நடுவில், எஞ்சினுக்கு உதிரிச் சாமான் வாங்க மதராசுக்கு பஸ்ஸில் போய், மறுநாள் சாயங்காலம் ஓர் அமெரிக்கக் காரை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

யாரோ ஒரு வெளிநாட்டு அதிகாரி தன் தேசத்துக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. வெளிர் நீலம், கூரை மட்டும் வெள்ளை. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு மாதிரித் தகடு எழும்பி நின்றது. அந்த மாதிரி வண்டிகளை எங்கள் பக்கத்தில் கப்பல் கார் என்பார்கள். அது எங்கள் தெருவுக்குள் நுழைந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முனையில் திரும்புவதற்கே முன்னும் பின்னுமாக நாலைந்து முறை நகர்த்த வேண்டியிருந்தது.

"இத வாங்கணும்னு எப்பங்க தோணிச்சு?" என்று கேட்டேன்.

"சாமான் கடைக்காரன் பானட்டத் தொறந்து காமிச்சாம்மா. எட்டு சிலிண்டரு. ஓடிக்கினு இருக்கும்போது மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சேன். அலுங்கவே இல்ல" என்றார். அவரைப் பொறுத்தவரை அதற்கு மேல் காரணம் தேவையில்லை.

உள்ளே ஏறி உட்கார்ந்தால் கால் நீட்டிக்கொள்ளலாம். முன் சீட்டு சோபா மாதிரி ஒரே நீளம். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் வேறு ஊருக்குப் போய்விடும். ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்பலாம். கியர் போடும் வேலை கிடையாது, கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் தண்டை ஒரு முறை நகர்த்திவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். பெட்ரோல் பங்கில் ஊற்றுகிற ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தேடி வண்டியைச் சுற்றி வருவார். பின் நம்பர் பலகையைக் கீழே மடக்கினால் அதற்குப் பின்னால் மூடி இருக்கும். இவர் உடனே சொல்லமாட்டார். தேடட்டும் என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஒரு சங்கடம், ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. நம் சாலையில் இடப்பக்கமாகப் போகும் வண்டியில் ஓட்டுகிறவரும் இடது ஓரத்திலேயே உட்கார்ந்தால், முன்னால் போகிற மாட்டு வண்டியின் முதுகு மட்டும்தான் அவருக்குத் தெரியும். எதிரே லாரி வருகிறதா இல்லையா என்பது வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் தெரியும். அதனால் அந்தக் காரில் எனக்கு ஒரு வேலை இருந்தது. "இருங்க, இருங்க" என்பேன். சாலை காலியானதும் "போலாம்" என்பேன். சொன்ன அந்த நொடியே அவர் வண்டியை வெளியே எடுத்துவிடுவார். ஒரு நாளும் 'நிச்சயமாவா?' என்று கேட்டதில்லை. முதல் நாலைந்து தடவை எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. பெங்களூர் சாலையில் ஆம்பூர் வரைக்கும்கூட அப்படியே போய் வந்திருக்கிறோம். எதிரே வருகிறவர்கள்தான் மிரண்டு போவார்கள். டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்பிள்ளை, அவள் முன்னால் ஸ்டியரிங்கும் இல்லை, மடியில் கூடையை வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் பயமாக இருக்காது?

காலையில் மட்டும் எங்கள் தெருவில் கார் நகராது. எதிர் வீட்டு நெசவாளர் தெரு நீளத்துக்குப் பாவு விரித்திருப்பார். நூல்களை இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சுருட்டி எடுக்கிறவரை தெரு அவர்களுடையது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்கண்ணே, முடிஞ்சிடுச்சு" என்று அவர் சொல்வார். இவரும் அவசரப்படாமல் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு எதையாவது துடைப்பார்.

எழுபதாவது வருடமோ அதற்கு அடுத்ததோ, மில்லில் அடுக்கிவைத்த நெல் மூட்டை சரிந்து அவர் வலக்கையில் விழுந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, கழுத்தோடு தூளி கட்டி அனுப்பினார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கார் சும்மா நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சாயங்காலமானால் காரில் போய் உட்கார்ந்து, இடக்கையால் சாவியைத் திருப்பி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு இறங்கி வருவார். வெளி ஆளிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்க மனசு வரவில்லை.

இரண்டு வாரம் பார்த்தேன். ஒரு நாள் காபி கொடுக்கும்போது, "நான் ஓட்டட்டுமா?" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "புடவ தடுக்காதா?" என்று மட்டும் கேட்டார்.

"தடுக்காத மாதிரி கட்டிக்கிறேன்."

பழகுநர் லைசென்ஸ் வாங்கி, முன்னும் பின்னும் எல் பலகை கட்டினோம். விடிந்ததும் பாவு விரிப்பதற்கு முன்பே கிளம்பி, திருப்புட்குழிப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் ஓட்டிப் பழகினேன். வண்டி நான் பயந்த மாதிரி இல்லை. மெத்தென்று நகர்ந்தது. நான்தான் பிரேக்கை மெத்தென்று மிதிக்கவில்லை. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அவர் கட்டுப்போட்ட கையை அணைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பார்.

பெரிய சாலையில் ஏறிய முதல் நாள், முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிற பாரம். எனக்கு வைக்கோலைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. இப்போது வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் அவர்.

"போ" என்றார்.

என் கால் அசையவில்லை.

"போன்னு சொல்றேன் இல்ல?"

"எனக்கு ஒண்ணும் தெரியலிங்க."

"எனக்கு மட்டும் இத்தினி வருசமா தெரிஞ்சுதா? நீ சொன்னதும் போவல?"

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது கோபமாகக் கேட்கவில்லை. 'போலாம்' என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் எதை நம்பி வண்டியை வெளியே எடுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. சொல்லுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது இத்தனை நாளும் தெரிந்திருக்கவில்லை. அதற்குள் எதிரே ஒரு பஸ் வந்து கடந்து போயிற்று. மறுபடியும் அவர் "போ" என்றார். போனேன். வைக்கோல் வண்டி பின்னால் போய், சாலை முழுக்கத் திறந்துகொண்டது.

ஊருக்குள் ஓட்ட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மூங்கில் மண்டபத்தருகே போலீஸ்காரர் விசில் ஊதிக் கையைக் காட்டினார். நிறுத்தினேன். அவர் நேராக வலப்பக்க ஜன்னலுக்கு வந்தார். என் கணவர் ஒரு கையில் கட்டோடு, மறுகையில் வறுத்த கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் இது? ஒரு கையில கட்டு, இன்னொரு கையில கல்ல. வண்டிய எத்தால ஓட்டுறீங்க?"

"நான் ஓட்டலியே. என் சம்சாரம் ஓட்டுது."

போலீஸ்காரர் குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வண்டியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றுவிட்டார்கள்.

"லைசென்ஸ் இருக்குதாம்மா?"

எடுத்துக் காட்டினேன். எல் பலகையையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததுதான் அவருக்கு வருத்தம் போலிருந்தது. "சரி, கத்துக்குடுக்கிறவரு பக்கம் பிரேக்கு இல்லியே. அவசரம்னா அவரு இன்னா பண்ணுவாரு?"

"கத்துவேன் சார்" என்றார் என் கணவர், வாயில் கடலையோடு.

கூட்டம் சிரித்தது. போலீஸ்காரரும் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, வழியை விடச் சொல்லிக் கூட்டத்தை விலக்கினார். நான் மிக மெதுவாக வண்டியை எடுத்தேன். அன்றைக்கு பிரேக் மெத்தென்று விழுந்ததாக வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்.

கட்டுப் பிரிப்பதற்குள் எனக்கு முழு லைசென்ஸ் வந்துவிட்டது. கை சரியானதும் மறுபடி அவரே ஓட்டுவார், நான் பழைய இடத்துக்குப் போய்விடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஓட்டினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மில்லுக்கு சைக்கிளில் போய்விடுவார்.

எதிர் வீட்டு நெசவாளரின் மனைவிக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் தெருப் பெண்கள் இன்னும் ஆறேழு பேரையும் ஏற்றிக்கொண்டு பாலாற்றங்கரைக்குப் போனேன். நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தும் யாருக்கும் முழங்கால் இடிக்கவில்லை. நாளெல்லாம் ராட்டையில் நூல் சுற்றுகிறவர் அந்த அம்மாள். அவரை வலப்பக்கம் உட்காரவைத்து, என்ன பார்க்க வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்று விளக்கினேன்.

"வண்டி வருது, வருது, இருங்கக்கா... போயிடுச்சு. இப்ப ஓட்டுங்க!" கொஞ்ச தூரத்துக்குள் பிடித்துக்கொண்டார். பின் சீட்டில் இருந்தவர்கள் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டுவிட்டு, காருக்குள் கொஞ்ச நேரம், மணலில் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி இருந்தோம். திரும்பும்போது எல்லாருக்கும் முன் சீட்டில்தான் உட்கார வேண்டும். வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி இடம் மாறினார்கள்.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது. உதிரிச் சாமான் கிடைப்பதும் நின்றுபோயிற்று. இவர் மில்லில் இருந்த லேத் இயந்திரத்தில் வேண்டிய பாகங்களைக் கடைந்து மாட்டியே இரண்டு வருடம் ஓட்டினார். கடைசியில் கியர்ப்பெட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. அதைத் திறக்க இவருக்கே தைரியம் வரவில்லை. சினிமாவுக்கு வண்டி வாடகைக்கு விடுகிற மதராஸ்காரர் ஒருவர் வந்து பார்த்தார். பானட்டைத் திறக்காமல், நாலு பக்கமும் நின்று தூரத்திலிருந்து மட்டும் பார்த்தார்.

"ஓடாட்டாக்கூடப் பரவால்ல சார். நின்னாலே அழகா இருக்குது" என்றார்.

என் கணவருக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார். மூன்று நாள் அதனடியிலேயே படுத்துக் கிடந்து, ஓடும்படி செய்தார். ஸ்ரீபெரும்புதூர் வரை அவர் ஓட்டினார், அங்கிருந்து மதராஸ் வரை நான். கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம்.

அடுத்த வருடம் ஒரு சின்னக் கார் வாங்கினார். ஸ்டியரிங் வலப்பக்கம், காலுக்குக் கிளட்ச், கையால் கியர். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னும் நாளாயிற்று. கற்றுக்கொண்டேன்.