லோரி சாவியைப் பறித்த எச்சில்

ஜெலுத்தோங்கில் ஒற்றைப் பழைய லோரியோடு தொழிலைத் தொடங்கியவன் நான். இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் அத்தனை லோரிகளிலும் என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தப் பெயரைத் தவிர வேறெதையும் எழுதச் சொன்னால் தடுமாறுவேன், படிப்பு அவ்வளவுதான். எந்த ரோடு எப்போது அடைக்கும், எந்த முதலாளி பேச்சு மாறுவான், எல்லாம் தலைக்குள். இப்படியொரு ஞாபகசக்தி உள்ளவனை இந்தத் தீவில் யாராவது காட்டட்டும், பார்க்கலாம்.

பிறந்தநாளுக்கு மகன் ஒரு சின்னக் குழாயை நீட்டித் துப்பச் சொன்னான். எச்சிலில் உள்ள மரபணுவைப் பார்த்து, வயதான காலத்தில் என்ன நோய் வரலாம் என்று சொல்லிவிடுவார்களாம். முன்னாலேயே தெரிந்தால் ஆரோக்கியமாக இருக்கலாமாம். ஆசைப்படுகிறானே என்று துப்பித் தொலைத்தேன்.

முடிவு அவன் கைப்பேசிக்கு வந்தது. மறதி நோய் வரும் வாய்ப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாம். டாக்டரிடம் போனோம். வாய்ப்புதான், வந்தே தீரும் என்றில்லை. நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், பிரஷரைக் கவனியுங்கள் என்றார். என் வீட்டில் உள்ளவர்களுக்கு 'நோய்' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினால் மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கண்ணாடி போட்ட நாளிலிருந்தே அதைத் தேடுகிறவன் நான். பேரன் பெயரை மாற்றிக் கூப்பிட்டால் சாப்பாட்டு மேசையே அடங்கிவிடுகிறது.

போன வாரம் ஆபீஸ் சுவர் ஆணியில் என் லோரி சாவியைக் காணோம். காலையில் முதல் லோரியை நான்தான் எடுப்பேன்; தொழில் தொடங்கியதிலிருந்து அதுதான் வழக்கம். சாவி மகனின் மேசை டிராயரில் இருந்தது.

"சேஃப்டிக்குத்தான்பா. பாதி வழியில எங்க போறோம்னு மறந்துட்டா என்ன செய்வீங்க?"

டிரைவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அப்பனிடம் இருப்பது பிள்ளைக்கும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

"நீ துப்புனியாடா?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"எனக்குத் தெரிய வேணாம்பா. தெரிஞ்சா தூக்கம் வராது."

"அப்ப எனக்கு மட்டும் நல்லா வருது, இல்லலா?"

டிராயரை நானே திறந்து சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

போகிற வழியில் ஒவ்வொரு சிக்னலிலும், அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் தப்பவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் அந்த ரோட்டில் ஒருநாளும் நான் அப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை. அவன்மேல் உள்ள கோபம் அதனால்தான் இன்னும் ஆறவில்லை.