இரண்டு துண்டு கிழங்குப் பால்கறி

அக்காவின் முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் அச்சிட வேண்டும் என்று அக்காவின் மகள் திருப்பூரிலிருந்து பேசியபோது, கட்டுரையை வேறு யாராவது எழுதட்டும் என்று ஒதுங்கப் பார்த்தேன். முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான்.

"அழகா எழுதுங்க மாமா. 'அன்னார்'னு போடுங்க. உங்க நக்கலெல்லாம் வேணாம்" என்றாள்.

'அன்னார்' என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து மேனேஜரைப் பற்றி எழுதுவது போலிருந்தது. ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன். நக்கலைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. அது அக்கா எனக்கு விட்டுப்போன சொத்து. வேறு சொத்தும் இல்லை.

அக்கா இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தார். எனக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். அம்மா கொழுந்து பறிக்கப் போனால் என்னை இடுப்பில் சுமந்தது அக்காதான். அதனால் அவருடைய பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. நான் அப்போது கொழுகொழுவென்று இருப்பேனாம். என் எடையால் ஒருவரின் படிப்பு நின்றதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயதாகும்போது, குடியுரிமை ஒப்பந்தப்படி எங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் சில மாதம், பிறகு நீலகிரி மலையில் மஞ்சூர். குளிரும் தேயிலையும் பழகியவை; மற்றதெல்லாம் புதிது. பதினைந்து வயதில் அக்கா கொழுந்துக் கூடை எடுத்தார். அக்காவைக் கட்டிய அத்தான் குந்தா பக்கம் கால்வாய் வேலைக்குப் போனவர். மகளுக்கு ஆறு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டார். அதன்பிறகு அக்கா எங்கள் வீட்டோடு வந்து, மகளைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, கூடையை இறக்கி வைத்தபோது அவருடைய முதுகு கூடையின் வடிவத்திலேயே நின்றுவிட்டது. யாரிடமும் கைநீட்டியதில்லை. யாரையும் வெறும் வாயோடு அனுப்பியதும் இல்லை.

இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் அக்கா செய்த கிழங்கைத் தின்னாதவர் இருக்க வாய்ப்பில்லை. கிழங்கு என்றால் எங்களுக்கு உருளைக்கிழங்கு. மரவள்ளி, சேனை எல்லாம் பெயரோடு வர வேண்டும். இது மட்டும் வெறும் கிழங்கு. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை எரித்து, தணல் சாம்பலில் பொடிக் கிழங்கைப் புதைத்து, வெந்ததும் கையால் ஒரு குத்து விட்டுப் பிளந்து, உப்பும் இடித்த மிளகாயும் தூவித் தருவார். கருவாட்டோடு போட்டுக் குழம்பு வைப்பார். ரொட்டி மாவிலும் பிசைந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலே பால்கறி. பச்சை மிளகாய், வெங்காயம், கொஞ்சம் வறுத்த வெந்தயம், மஞ்சள், தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவைத்து, முதல் பாலை ஊற்றி இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் முடிந்தது. நாங்கள் கப்பலில் கொண்டுவந்ததில் கெடாமல் வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

என் மனைவி மேட்டுப்பாளையத்துக்காரர். கல்யாணமாகி வந்த வாரமே கேட்டார். "ஏனுங்க, உங்கக்கா கெழங்குக்குத் தக்காளியே போடமாட்டாங்களா? சோம்பு, கசகசா எதுவும் அரைக்கலீங்களே."

அக்காவுக்குக் காது கூர்மை. "தக்காளி போட்டா தக்காளிதாம்மா இருக்கும். கெழங்கு எங்க இருக்கும்?"

இருவரும் முப்பது வருஷம் இதைப் பேசித் தீர்க்கவில்லை. திங்கள் ஒருவர் முறை, செவ்வாய் மற்றவர் முறை. நடுவில் நான் இரண்டையும் புகழ்ந்து, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிச் சதை போட்டேன்.

நான் ஓய்வு பெற்ற அதே வருஷம் அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வு பெற்றன. வாரம் இரண்டு முறை ஊட்டியிலுள்ள மருத்துவமனைக்குப் போய், நான்கு மணி நேரம் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். செவ்வாய், வெள்ளி. மஞ்சூரிலிருந்து முதல் பஸ். வளைவுக்கு வளைவு அக்கா என் தோளில் சாய்வார், அடுத்த வளைவில் நான் அவர் தோளில் சாய்வேன். போகும்போது அவருக்குக் களைப்பு, வரும்போது இருவருக்கும். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

மெஷின் பிரிவு நர்ஸம்மா சாப்பாட்டு விதிகளை எழுதிக் கொடுத்தார். உப்பு குறைக்க வேண்டும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். கிழங்கில் இருக்கும் ஒரு சத்து இரத்தத்தில் தங்கினால் இதயத்தையே நிறுத்திவிடுமாம். தின்றே ஆக வேண்டுமென்றால் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, பல மணி நேரம் வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்ட வேண்டும். மனைவி செடி நர்சரி வேலைக்குப் போவதால் சமையல் என் தலையில் விழுந்தது. முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் இலையை வாட்டிய கை, கிழங்கைத் தண்ணீரில் போட்டு வாட்டியது. தண்ணீரே குடிக்கக் கூடாத அக்காவுக்காகக் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"இது கெழங்கில்லடா தம்பி. கெழங்கு கழட்டிப் போட்ட சட்டை."

அவருக்குத் துணையாக நாங்களும் அதையே தின்றோம் என்று உறவினர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. அக்கா மெஷினில் இருக்கும் நான்கு மணி நேரத்தில் நான் வெளியே போய்த் தயிர்சாதம் சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தேன். உண்மையில் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடையில் உருளைக்கிழங்கு போண்டா தின்றுகொண்டிருந்தேன். சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"தயிர்சோத்துல வெங்காயம் போட்டானாடா கடைக்காரன்?"

"இல்லக்கா."

"பொறவு ஒன் சட்டையில என்னா வெங்காய வாசம்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தேயிலையைப் பார்த்தேன். பார்க்காத தேயிலை போல.

"எத்தன தின்ன?"

"ரெண்டு."

"உள்ள கெழங்கு மசிஞ்சிருந்துச்சா, கட்டியா இருந்துச்சா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் விசாரணை. சட்னி என்ன, எண்ணெய் புதுசா, இஞ்சி தட்டிப் போட்டானா, நறுக்கிப் போட்டானா. நானும் அறிக்கை கொடுப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு கட்டத்தில் எனக்கு போண்டா இறங்கவில்லை. தின்னாமலே தின்றதாகச் சொல்லத் தொடங்கினேன். முன்பு தின்றதை மறைத்துப் பொய், பின்பு தின்னாததை மறைத்துப் பொய்.

இரண்டாவது வருஷ மழைக்கு முன்னால் அக்கா கேட்டார். "எனக்கு ரெண்டே துண்டு பால்கறி குடுடா. தண்ணியில போடாம, நான் ஆக்குற மாதிரி. அப்புறம் ஒன்னய எதுவும் கேக்க மாட்டேன்."

நான் மறுத்தேன். அடுத்த நாளும் மறுத்தேன். இல்லை என்று சொல்வதே அந்த வருஷம் எனக்கு முழுநேர வேலையானது. கேட்டுக் கேட்டு அவர் களைத்தார். சொல்லிச் சொல்லி நான் களைத்தேன். ஒருநாள் கோபத்தில் அவர், "இடுப்புல தூக்கி வளத்ததுக்கு ரெண்டு துண்டு கெழங்கு பெறல" என்றார். நான் அடுப்படிக்குப் போய் வெறும் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

இதை நர்ஸம்மாவிடம் சொன்னேன். அவர் டாக்டரிடம் கேட்டுவந்தார். மெஷின் ஓடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் இரண்டு துண்டு தின்னலாம். சேர்ந்ததை மெஷின் இழுத்துவிடும். வீட்டிலோ வழியிலோ தொடக்கூடாது. "வர்ற வெள்ளிக்கிழமை கொண்டு வாங்கண்ணா. நானே பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியலில் நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அக்கா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபடியே அதிகாரம் செய்தார்.

"ரெண்டு துண்டுக்கு ஒரு கிலோ கெழங்குங்களா?" என்று மனைவி கேட்டார்.

"நர்ஸம்மாவுக்கும், தொணைக்கு வர்றவங்களுக்கும் குடுக்கணும்லம்மா. நான் மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்?"

மனைவி தேங்காய் ரொட்டி சுட்டார். முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தக்காளி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "பால் ஊத்துனதும் கொதிக்க உட்றாதீங்க, திரிஞ்சுரும். உங்கக்கா என்னைய இதுக்கே எத்தன திட்டு திட்டியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

பெரிய தூக்குவாளியை அக்கா மடியில் வைத்துக்கொண்டார். என்னிடம் கொடுக்கவில்லை. பாதி தூரத்தில் பஸ் நின்றது. முந்தைய நாள் மழையில் மண் சரிந்து, ஒரு மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. ஒரு மணி நேரம் போனது, இரண்டு மணி நேரம் போனது. மழை விடவில்லை. மெஷினுக்கான எங்கள் நேரம் தாண்டிவிட்டது. பஸ்ஸை மஞ்சூருக்கே திருப்பப் போவதாகப் பேச்சு வந்தது.

அக்கா மூடியைக் கொஞ்சம் திறந்தார். பஸ் முழுக்க வாசனை.

"ஒரே ஒரு துண்டுடா தம்பி."

"வேணாங்க்கா. இன்னக்கி மெஷினே இல்லாம போச்சுன்னா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாளியையே பார்த்தார். பிறகு முன் சீட்டிலிருந்த பெண்ணின் தோளைத் தட்டினார்.

"யம்மா, காலையில எதாச்சும் சாப்பிட்டியா?"

ரொட்டியைப் பிய்த்து, மேலே கிழங்கு வைத்து நீட்டினார். அடுத்து பின் சீட்டு. அதற்கடுத்து கண்டக்டர்.

"ஏனுங்கம்மா, இது தேங்காப்பாலுங்களா?"

"ஆமாய்யா. உப்பு இருக்கா? ஒறைப்பு எப்படி?"

"அருமைங்க."

"இன்னொன்னு வாங்கிக்க."

எல்லோரும் எழுந்து எழுந்து வந்து வாங்கினார்கள். அக்கா ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மென்று முடிக்கும்வரை பார்ப்பார், முடிந்ததும் கேட்பார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் என்னிடம் ஒரு ரொட்டி வந்தது.

"தின்னுடா. இத்தன நாள் ஒளிஞ்சு தின்ன. இன்னக்கி வெளிய தின்னு."

தின்றேன். கசந்தது. வெந்தயத்தைத் தீயவிட்டிருக்கிறேன். கிழங்கு முழுக்க அந்தக் கசப்பு ஏறியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பஸ்ஸில் ஒருவர் முகத்திலும் அது தெரியவில்லை. கண்டக்டர் வாளியின் அடியை வழித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிடா இருக்கு?"

"ஒன் கை மாதிரியே இருக்குக்கா."

மதியத்துக்கு மேல் மரத்தை அறுத்து வழி விட்டார்கள். பஸ் திரும்பவில்லை, ஊட்டிக்கே போனது. நர்ஸம்மா வீட்டுக்குப் போகாமல் எங்களுக்காக ஒரு மெஷினை வைத்திருந்தார். அக்காவைப் படுக்க வைத்து, ஊசி குத்தி, மெஷின் ஓடத் தொடங்கியதும் கேட்டார், "எங்கம்மா கெழங்கு? இப்ப சாப்பிடலாம்."

வாளி காலி. இரண்டு துண்டை எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பஸ் திரும்பிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எல்லாம் தீந்துருச்சு நர்ஸம்மா" என்றார் அக்கா. "பஸ்ஸுல தின்னாங்க. நல்லா இருந்துச்சாம்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அடுத்த வெள்ளிக்கு மறுபடி செய்து வருவதாக நர்ஸம்மாவிடம் சொன்னேன். கிழங்கும் வாங்கிவைத்தேன். புதன்கிழமை காலை தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பியபோது அக்கா எழவில்லை.

பஸ்ஸில் அந்த ஒரு துண்டைக் கொடுத்திருக்கலாமா என்று டாக்டரிடம் பிறகு கேட்டேன். கொடுக்காததுதான் சரி என்றார். நல்ல மனிதர். எனக்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. அதைக் கேட்கவும் களைப்பாக இருந்தது.

அக்காவின் இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும், பல ஊர்களிலிருந்து வந்து எங்களோடு இருந்த சொந்தங்களுக்கும், இரண்டு வருஷம் அக்காவைத் தம் தாயைப் போல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், இந்த மலரை அச்சிட்ட அக்காவின் மகளுக்கும், முப்பது வருஷம் அக்காவோடு மல்லுக்கட்டி இன்றுவரை கிழங்குக்குத் தக்காளி போட மனம் வராமலிருக்கும் என் மனைவிக்கும் கைகூப்புகிறேன்.

அன்று அந்தப் பஸ்ஸில் வந்தவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது. சில பிரதிகளைக் கண்டக்டரிடம் கொடுக்கப்போகிறேன். முகம் நினைவிருப்பவர்களுக்குத் தருவதாகச் சொன்னார். அவர்களில் யாராவது இதைப் படித்தால்: அந்தக் கறி கசந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர்கூட முகம் சுளிக்காமல் தின்று முடித்தீர்கள். குடும்பத்தார் அனைவரின் சார்பிலும் உங்களுக்கு நன்றி.